ரேடியேட்டர் இளைத்த கதை

கார்ல் பென்ஸின் முதல் காரில் ரேடியேட்டர் என்று ஒன்றே கிடையாது. 1886-இல் மன்ஹைம் தெருக்களில் ஓடிய அந்த மூன்று சக்கர வண்டியில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும், கொதிக்கும், ஆவியாகிப் போகும். போனதை, வழியில் எங்கே தண்ணீர் கிடைக்கிறதோ அங்கே மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் காரை ஓட்டிப்போன கதையை இந்தத் தொடரின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டோம். வீஸ்லோக் மருந்துக் கடையில் எரிபொருள் வாங்கியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தண்ணீருக்காக அவர் நின்ற இடங்கள் அதைவிட அதிகம்.

இதைப் படித்துச் சிரிக்க வேண்டாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் பென்ஸின் முறை கெட்டிக்காரத்தனமானது. ஒரு லிட்டர் தண்ணீரை 20 டிகிரியிலிருந்து கொதிநிலை வரை கொண்டுபோக 80 கிலோ கலோரி போதும். அதை ஆவியாக்கவோ இன்னும் 540 கிலோ கலோரி வேண்டும். அத்தனை சூட்டையும் ஆவி தன்னோடு சுமந்துகொண்டு போய்விடுகிறது. அதற்குச் செம்பு வேண்டாம், பித்தளை வேண்டாம், ஈயம் வைக்க ஆளும் வேண்டாம். எடையும் செலவும் இதைவிடக் குறைவாக எஞ்சினைக் குளிரவைக்க முடியாது.

ஆனால் அது ஒரு குதிரைச் சக்திகூட இல்லாத எஞ்சின். அதே முறையை 35 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு வைத்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்து எஞ்சின் சக்கரத்துக்குக் கொடுக்கிற சக்திக்குக் குறையாத அளவு சூடு சிலிண்டர் சுவர் வழியாகத் தண்ணீருக்குப் போகும். அப்படிப் பார்த்தால் முழு வேகத்தில் ஓடும்போது மணிக்கு 36 லிட்டர் போலத் தண்ணீர் ஆவியாகும். காருக்குப் பின்னால் ஒரு தண்ணீர் வண்டியும் ஓட வேண்டும். ஆகவே அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி தேடினார்கள். சூடான தண்ணீரைக் காற்றில் ஆறவிட்டு மறுபடி எஞ்சினுக்கு அனுப்புவது என்று தீர்மானித்த அன்றே உலோகத்தின் எடையும் கூலியும் காருக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டன. அடுத்த நாற்பது வருடம் அவற்றை இறக்கிவிடப் பாடுபட்டார்கள்.

முதலில் வந்தது வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய். அதன்மேல் வட்டத் தகடுகளை வரிசையாகக் கோத்து ஈயம் வைத்திருப்பார்கள். காரின் முன்னால் தாழ்வாகத் தொங்கும். டி டியோன் போன்ற சிறிய எஞ்சின்களுக்கு அது போதும். பெரிய எஞ்சின் என்றால் குழாயின் நீளம் கூடும், பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். தண்ணீர் அதிகமாக இருந்தால் சூடேற நேரமாகும், அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்பதுதான் அன்றைய சிந்தனை. குளிரவைப்பதற்குப் பதில் காலம் கடத்துவது.

இதை உடைத்தவர் டைம்லர் கம்பெனியின் வில்ஹெல்ம் மைபாக். 1897-இல் அவர் குழாய் ரேடியேட்டர் செய்தார். அதில் வேலைகள் இடம் மாறின: தண்ணீர் குழாய்க்கு வெளியே, காற்று குழாய்க்கு உள்ளே. தட்டையான ஒரு தண்ணீர்ப் பெட்டியை முன்னிருந்து பின்னாக ஏராளமான சிறு குழாய்கள் துளைத்துக்கொண்டு போகும், அவற்றின் வழியே காற்று பாயும். யோசனை சரிதான். ஆனால் குழாய்கள் உருண்டையானவை. உருண்டைகளை எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் மூலைகளில் வெற்றிடம் மிஞ்சும். அந்த வெற்றிடமெல்லாம் தண்ணீர். வேலை செய்யாமல் சும்மா சவாரி செய்கிற தண்ணீர்.

1900 மார்ச் 30-ஆம் தேதி நீஸ் நகரத்தை அடுத்த லா டர்பி மலையேற்றப் போட்டியில் வில்ஹெல்ம் பவர் ஓட்டிய டைம்லர் ஃபீனிக்ஸ் கார் பாறைச் சுவரில் மோதியது. பவர் இறந்துபோனார். உயரமான, முன்பாரம் மிகுந்த கார் அது. டைம்லர் கார்களை நீஸில் விற்றுவந்த எமில் யெல்லினெக், போட்டியிலிருந்து கம்பெனி விலகிக்கொள்வது தற்கொலைக்குச் சமம் என்று வாதாடி, தாழ்வான, நீளமான, எடை குறைந்த, அதே சமயம் சக்தி கூடிய கார் வேண்டும் என்று கேட்டார். 36 கார் வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தமும் போட்டார். தன் மகளின் பெயரை வைக்கவேண்டும் என்ற நிபந்தனை நமக்குத் தெரிந்ததே.

அந்த முதல் மெர்சிடிஸ் காருக்காக மைபாக் செய்ததுதான் தேன்கூட்டு ரேடியேட்டர். 1900 செப்டம்பரில் காப்புரிமைக்குப் பதிவானது. உருண்டைக் குழாய்க்குப் பதில் 6 மில்லிமீட்டருக்கு 6 மில்லிமீட்டர் சதுரக் குழாய். மொத்தம் 8,070 குழாய்கள். சதுரம் என்பதால் பக்கத்தோடு பக்கம் அடுக்கலாம், இடையில் மெல்லிய ஒரு படலமாக மட்டும் தண்ணீர் இறங்கும். ஃபீனிக்ஸ் காரில் 18 லிட்டர் தண்ணீர் இருந்த இடத்தில் இதற்கு 9 லிட்டர் போதுமானதாயிற்று. கார் மெதுவாக ஏறும்போது காற்றை இழுக்க ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு சிறு விசிறி.

அந்த 8,070 குழாய்களின் வாய்களையும் கூட்டினால் 0.29 சதுர மீட்டர்தான் வருகிறது. ஒரு ஜன்னல் கதவின் அளவுகூட இல்லை. அதே குழாய்களின் உள்சுற்றளவைக் கூட்டினால் கிட்டத்தட்ட 194 மீட்டர். சிறிய வாசல், பெரிய சுவர். காற்று சூட்டை வாங்கிக்கொள்வது அந்தச் சுவரில்தான். எடை குறைப்பு என்றதும் தகட்டை மெலிதாக்குவதும் இரும்பைச் சீவுவதும்தான் நமக்கு நினைவுக்கு வரும். மைபாக் உலோகத்தைக் குறைக்கவில்லை, சொல்லப்போனால் கூட்டியிருக்கிறார். அவர் இறக்கிவிட்டது 9 கிலோ தண்ணீரை. அந்த 9 கிலோவைச் சுமப்பதற்காக இருந்த தொட்டியும் தாங்கிகளும் அதனோடு போயின. 1901 மார்ச்சில் நீஸ் வாரப் போட்டிகளில் மெர்சிடிஸ் எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியதற்குப் பல காரணம் உண்டு. ஆனால் அன்று கூட்டத்தின் கண்ணில் பட்டது முன்னால் நிமிர்ந்து நின்ற அந்தத் தேன்கூடுதான். அதன்பின் ஐந்தாறு வருடத்துக்குள் உலகத்துக் கார்களில் பெரும்பாலானவை அதேபோல முகம் வைத்துக்கொண்டன.

எடை போயிற்று. செலவு?

8,070 குழாய்க்கு இரண்டு இரண்டு முனை. 16,140 முனைகள். ஒவ்வொன்றும் பக்கத்துக் குழாயோடு ஈயத்தால் ஒட்டவேண்டும். அடுக்கிய கட்டை உருக்கிய ஈயத்தில் முகம் மட்டும் படும்படி முக்கி எடுப்பார்கள். எல்லா இடத்திலும் பிடித்ததா என்று பார்க்க ஒரே வழி, வாய்களை அடைத்துவிட்டுக் காற்றடித்துத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்குவது. குமிழி வருகிற இடத்தில் ஓட்டை. நம்மூர் ரேடியேட்டர் பட்டறைகளில் இன்றைக்கும் அதே சோதனைதான். 16,140 முனைகளில் பத்து பிடிக்காமல் போனாலும் அதை ஒவ்வொன்றாகத் தேடிச் சரிசெய்யக் கைதேர்ந்த ஆள் வேண்டும். அவருக்குக் கூலி கொடுக்கவேண்டும். பணக்காரர் காருக்கு அது கட்டுப்படியாகும்.

ஈயமும் லேசுப்பட்ட சமாசாரம் அல்ல. பற்றவைக்கும் ஈயம் என்பது காரீயமும் வெள்ளீயமும் சேர்ந்த கலவை. காரீயம் கனம், வெள்ளீயம் விலை. சூட்டைக் கடத்துவதில் இரண்டும் செம்புக்கு வெகு தூரம் பின்னால். முக்கி எடுக்கும்போது தேவைக்கு மேல் ஒட்டிக்கொள்கிற ஒவ்வொரு சொட்டும் எடையாகவும் பணமாகவும் ரேடியேட்டரில் தங்கிவிடுகிறது. எடையும் செலவும் ஒரே இடத்தில் ஒளிந்திருந்தது இங்கேதான்.

வேறு உலோகத்தில் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். அலுமினியத்தின் எடை செம்பில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை, சூட்டையும் நன்றாகவே கடத்தும். ஆனால் அதன் மேல் காற்றுப் பட்டதுமே ஒரு ஆக்சைடு தோல் மூடிக்கொள்ளும். ஈயம் அதில் ஒட்டாது. அந்தத் தோலை வென்று அலுமினியத்தைப் பெருவாரியாகப் பற்றவைக்கும் வித்தை கைக்கு வர எழுபது வருடம் ஆயிற்று. இரும்புத் தகடு மலிவு, ஆனால் துருப்பிடிக்கும், சூட்டைக் கடத்துவதில் செம்பில் ஏழில் ஒரு பங்கு. ஆகவே செம்பும் பித்தளையும்தான். இழுத்து வளைக்கவும் அழுத்தம் தாங்கவும் பித்தளை, சூடு ஓட செம்பு.

இதற்கிடையில் செலவைக் குறைக்க இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு முயற்சி நடந்தது. தண்ணீரைச் சுற்றவைக்கும் பம்பையே கழற்றி எறிந்தார்கள். சூடான தண்ணீர் மேலே போகும், ஆறினது கீழே வரும். எஞ்சினின் மேல்பக்கத்திலிருந்து ஒரு தடித்த ஹோஸ் ரேடியேட்டரின் மேல் டேங்குக்கு, கீழ் டேங்கிலிருந்து இன்னொன்று எஞ்சினின் அடிக்கு. தெர்மோசைஃபன் என்று பெயர். பம்பு இல்லை, அதன் பற்சக்கரம் இல்லை, கசியும் பேக்கிங் இல்லை. லூயி ரெனோ இதை விரும்பி ஏற்று, ரேடியேட்டரை எஞ்சினுக்குப் பின்னால் டாஷ்போர்டை ஒட்டி உயர வைத்தார். ரெனோ கார்களின் அந்தச் சரிந்த பானெட் வடிவத்துக்குக் காரணம் அதுதான்.

ஃபோர்டின் மாடல் டி 1908-இல் வந்தபோது அதில் பம்பு இருந்தது. சுமார் 2,500 கார்கள் அப்படிப் போயின. பிறகு பம்பு காணாமல் போயிற்று. செலவு மிச்சம்தான். ஆனால் தெர்மோசைஃபனின் தள்ளுசக்தி எவ்வளவு என்று பாருங்கள்: 60 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 983 கிராம், 95 டிகிரியில் 962 கிராம். வித்தியாசம் 21 கிராம். வெறும் இரண்டு சதவீத வித்தியாசத்தை நம்பி அத்தனை தண்ணீரும் சுற்றவேண்டும். அதற்கு ரேடியேட்டர் உயரமாக இருக்கவேண்டும், வழி அகலமாக இருக்கவேண்டும், தண்ணீர் நிறைய இருக்கவேண்டும். மேல் ஹோஸின் வாய்க்குக் கீழே தண்ணீர் இறங்கிவிட்டால் சுற்றோட்டம் அறுந்து கொதிக்க ஆரம்பித்துவிடும். மெர்சிடிஸ் 9 லிட்டரை வைத்துக்கொண்டு 35 குதிரைச் சக்தியைச் சமாளித்தது. மாடல் டி 20 குதிரைச் சக்திக்குச் சுமார் 11 லிட்டர் கேட்டது. குதிரைச் சக்திக்கு எவ்வளவு தண்ணீர் என்று பார்த்தால் இரண்டு மடங்கு.

எடையும் செலவும் சேர்ந்தே குறையும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். மைபாக் காசைக் கொடுத்து எடையை இறக்கினார். ஃபோர்டு எடையை ஏற்றிக்கொண்டு காசை மிச்சம் பிடித்தார். இருவர் செய்ததும் சரி. ஒருவருடைய கார் மலையேற்றப் போட்டிக்கு, இன்னொருவருடையது அயோவா மாநிலத்து விவசாயிக்கு. விவசாயிக்கு இரண்டு லிட்டர் கூடுதல் தண்ணீர் ஒரு பொருட்டல்ல. பம்பு கெட்டால் அதைச் சரிசெய்ய ஆள் எங்கே கிடைப்பான் என்பதுதான் அவர் கவலை.

ஃபோர்டின் உண்மையான சாதனை கோரில், அதாவது காற்றும் தண்ணீரும் சூட்டைக் கைமாற்றுகிற ரேடியேட்டரின் நடுப்பகுதியில், இருக்கிறது. தேன்கூட்டை அவர் தொடவே இல்லை. தண்ணீர் மறுபடி குழாய்க்குள் போயிற்று, காற்று வெளியே வந்தது. நிமிர்ந்து நிற்கும் 95 குழாய்கள், அவை அத்தனையும் துளைத்துக்கொண்டு போகும் மெல்லிய கிடைத் தகடுகள். பார்த்தால் பழைய செம்புக் குழாய்க்கே திரும்பிவிட்டதுபோல இருக்கும். ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. தண்ணீர் சூட்டைச் சடாரென்று உலோகத்துக்குக் கொடுத்துவிடும். காற்றுக்குத்தான் அதை வாங்கிக்கொள்ள நிறையப் பரப்பு வேண்டும். தேன்கூட்டில் உலோகத்தின் ஒவ்வொரு அங்குலமும் ஒரு பக்கம் தண்ணீரையும் மறுபக்கம் காற்றையும் தொட்டுக்கொண்டிருக்கும். தண்ணீர்ப் பக்கத்துக்கு அவ்வளவு பரப்பு தேவையே இல்லை. குழாயில் கொஞ்சம் இடத்தில் தண்ணீர் தொட்டால் போதும், மீதிச் சூடு தகடு வழியே ஓடிக் காற்றுக்குப் போய்விடும். அந்தத் தகடு தண்ணீரைத் தாங்கவேண்டியதில்லை, ஓட்டையில்லாமல் இருக்கவேண்டியதில்லை. ஆகவே எவ்வளவு மெலிதாகவும் இருக்கலாம். பத்தில் ஒரு மில்லிமீட்டர், தபால் அட்டையில் பாதிக் கனம்கூட இல்லாத செம்புத் தகடு, இந்த வேலைக்குப் போதும்.

இன்னொரு கணக்கு: 95 குழாய்க்கு 190 முனை. அந்த 190 இடத்தில்தான் தண்ணீர் கசியமுடியும். 16,140 எங்கே, 190 எங்கே.

அப்போதும் 95 குழாயை அத்தனை தகடுகளின் துளைகளுக்குள் ஒவ்வொன்றாக நுழைத்து ஈயம் வைப்பது நீண்ட, பொறுமை கேட்கும் வேலை. கன்னார் கைப்பழக்கம் உள்ளவரால்தான் முடியும். ஹைலண்ட் பார்க் ஆலையில் அதையும் இயந்திரத்துக்கு மாற்றினார்கள். 1922-இல் வெளியான தன் நூலில் ஃபோர்டே அந்தக் கணக்கைத் தருகிறார்: எட்டு மணி நேரத்தில் 1,200 கோர்களை ஒரு இயந்திரம் கோத்துவிடும், பிறகு அவை கன்வேயரில் உலைக்குள் போய் வெளியே வரும்போது பற்று விழுந்திருக்கும். பெருக்கிப் பார்த்தால் எட்டு மணி நேரத்தில் 1,14,000 குழாய்கள். தகரவேலை தெரிந்த ஆள் ஒருவர்கூடத் தேவையில்லை என்று அதே இடத்தில் பெருமையாக எழுதுகிறார். பெருமைக்குரியதுதான், ஆனால் அந்தத் தகரவேலைக்காரர்கள் அந்த வரியை எப்படிப் படித்திருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது.

1923-இல் ஃபோர்டு சுமார் 20 லட்சம் கார் செய்தது. ஒரு ரேடியேட்டரில் 100 கிராம் பித்தளையைக் குறைக்க ஒருவர் வழி கண்டுபிடித்தால் வருடத்துக்கு 200 டன் மிச்சம். காருக்கு ஏழெட்டு காசு பெறாத விஷயத்துக்காக ஒரு பொறியாளர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ளும் வழக்கம் தொடங்கியது இப்படித்தான்.

எல்லோரும் குழாய்க்கு மாறிவிட்டார்கள் என்று சொல்லமாட்டேன். தேன்கூட்டின் தோற்றத்தை விடமுடியாதவர்கள் அதன் விலையைக் குறைக்கப் பார்த்தார்கள். தனித்தனிக் குழாய்களுக்குப் பதில், வளைத்து நெளித்த பித்தளை ரிப்பன்களை இரண்டு இரண்டாக ஒட்டி வைத்தால் முன்னாலிருந்து பார்க்க அதே தேன்கூடு. ஆனால் முனைகளின் எண்ணிக்கை பல மடங்கு குறைவு. நியூயார்க் மாநிலத்து லாக்போர்ட்டில் ஹெர்பர்ட் ஹாரிசன் 1910-இல் தொடங்கிய கம்பெனி அறுகோணக் கண் வைத்த இத்தகைய கோர்களுக்குப் பேர்போனது. 1918-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. குழாய்க்காரர்கள் பக்கத்திலும் ஒரு முன்னேற்றம்: இழுத்துச் செய்த குழாய்க்குப் பதில், மெல்லிய பித்தளைப் பட்டையை இயந்திரத்தில் மடித்து, விளிம்போடு விளிம்பைக் கொக்கி போட்டு ஈயத்தால் மூடினார்கள். தட்டையான குழாய், அதே தண்ணீருக்குக் கூடுதல் பரப்பு. விளக்கமாகச் சொல்ல இதில் வேறொன்றும் இல்லை. ஆனால் பிந்தைய ரேடியேட்டர்கள் இளைத்ததில் அந்த மடிப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

இத்தனைக்குப் பிறகும் ரேடியேட்டரில் ஒரு பெரிய செலவு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்கும் குளிர்ச்சிக்கும் சம்பந்தமில்லை. அது அதன் முகம்.

ரேடியேட்டரைப் பார்த்துத்தான் காரின் பெயர் சொல்வார்கள். ரோல்ஸ்-ராய்ஸுக்குக் கோயில் முகப்பு, புகாட்டிக்குக் குதிரை லாடம், மாரிஸுக்கு வட்ட மூக்கு. பித்தளையையோ ஜெர்மன் சில்வரையோ தட்டி, இணைத்து, பற்று தெரியாமல் அரம் போட்டு, மெருகேற்றி வைத்திருப்பார்கள். பல கார்களில் மேல் டேங்கும் அந்த அலங்காரக் கூடும் ஒரே உடம்பு. உள்ளே தண்ணீர், வெளியே பளபளப்பு. தடித்த தகட்டில் செய்தால்தான் மெருகு நிற்கும், ஆகவே கனம். மூடியின்மேல் பாய்ஸ் மோட்டோமீட்டர் என்ற வட்ட வெப்பமானி வேறு. 1912-இல் காப்புரிமை பெற்ற அதில் சிவப்புத் திரவம் ஏறுவதை ஓட்டுகிறவர் இருக்கையிலிருந்தே பார்க்கலாம். தண்ணீரை அது தொடாது, மேலே நிற்கும் ஆவியின் சூட்டைத்தான் காட்டும். தண்ணீர் முழுக்க வடிந்துபோனாலும் கொஞ்ச நேரம் நல்லபிள்ளையாகவே நிற்கும்.

அந்த முகத்தைக் கழற்றி வைத்தவர்களில் ஃபோர்டும் ஒருவர். 1916 ஆகஸ்டில், அடுத்த வருடத்து மாடலுக்காக, பித்தளை ரேடியேட்டர் நின்றது. கோருக்கு மேல் அழுத்தி எடுத்த எஃகுத் தகட்டுக் கூடு, அதற்குக் கறுப்பு பெயின்ட். ஐரோப்பாவில் போர், குண்டு உறைகளுக்கெல்லாம் பித்தளை போய்க்கொண்டிருந்த நேரம். அதே மாதம் டூரிங் காரின் விலை 360 டாலருக்கு இறங்கியது. முதலில் வந்தபோது அது 850 டாலர். பித்தளை போனதுதான் அதற்குக் காரணம் என்று சொல்லமுடியாது, ஆனால் பித்தளை வைத்துக்கொண்டு அந்த விலைக்கு விற்றிருக்க முடியாது. மெருகு போட்டுத் துடைக்கிற வேலை தீர்ந்தது என்று வாங்கியவர்களில் பலர் சந்தோஷப்பட்டிருப்பார்கள். இன்றைய பழங்கால கார் சேகரிப்பாளர்கள் மட்டும் பித்தளைக் காலத்து டி-க்குத் தனி விலை கொடுக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இந்த முடிவுக்கு வர இன்னும் பத்து வருடம் ஆயிற்று. வில்லியம் மாரிஸின் வட்ட மூக்கு ரேடியேட்டர் 1913-இலிருந்து அவருடைய அடையாளம். போருக்குப் பின் கவென்ட்ரியிலிருந்து ரேடியேட்டர் வருவது போதவில்லை என்று, அங்கே டோஹர்ட்டி கம்பெனியில் இருந்த இருவருக்குப் பணம் கொடுத்து 1919-இல் ஆக்ஸ்ஃபோர்டிலேயே தொழில் தொடங்க வைத்தார். ஆஸ்பர்ட்டன் சாலையில், முன்பு ஸ்கேட்டிங் விளையாடிய கூடம் ஒன்றில் பட்டறை. சில வருடத்தில் அதை அவரே வாங்கிக்கொண்டார். 1921 பிப்ரவரியில் விற்பனை படுத்தபோது நான்கு இருக்கை மாரிஸ் கௌலி காரின் விலையை 525 பவுண்டிலிருந்து 425 ஆகக் குறைத்து எல்லோரையும் திகைக்க வைத்தவர் அவர். காசு விஷயத்தில் ஃபோர்டுக்குச் சளைத்தவர் இல்லை. ஆனாலும் அந்த மூக்கை விடவில்லை.

அந்த மூக்கின் கஷ்டம் இதுதான்: மேலே வட்டமாக வளைந்த பகுதிக்குள் நேரான குழாய்க் கோர் அடங்காது. வளைவு முழுக்க டேங்க்தான். எதிர்க்காற்று நன்றாக மோதுகிற இடத்தில் குளிரவைக்க ஒன்றுமில்லை. வளைவான கூட்டைச் செய்வதோ சிரமம். 1926 இலையுதிர் காலத்தில், 1927-க்கான மாடல்களில், மாரிஸ் தட்டை மூக்குக்கு மாறினார். செய்வது எளிது, கோரின் பரப்பும் கூடியது. பழைய விசுவாசிகளுக்கு அது பிடிக்கவே இல்லை. இன்றுவரை பிடிக்கவில்லை.

ரேடியேட்டரை இளைக்க வைத்தது போதாது, அதையே ஒழித்துவிட்டால்? தண்ணீர் வேண்டாம், டேங்க் வேண்டாம், ஹோஸ் வேண்டாம், பம்பு வேண்டாம், சிலிண்டரைச் சுற்றி வார்க்கிற இரட்டைச் சுவரும் வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸின் ஆராய்ச்சித் தலைவர் சார்லஸ் கெட்டரிங் இந்த யோசனையில் மயங்கினார். செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்த அதே கெட்டரிங்தான். வார்ப்பிரும்புச் சிலிண்டரின் வெளிச் சுவரில் செம்புத் தகடுகளை உலையில் வைத்துப் பிணைத்து, விசிறிக் காற்றாலேயே குளிரவைப்பது அவர் திட்டம். ஃபோர்டை எடையிலும் விலையிலும் மடக்க இதுவே வழி என்று கம்பெனித் தலைவர் பியர் டு பான்ட்டும் நம்பினார். 1921-இல் ஓக்லாண்ட் பிரிவில் சோதித்தபோது தேறவில்லை. அப்படியும் 1923 ஜனவரியில் நியூயார்க் கார் கண்காட்சியில் 'காப்பர் கூல்டு' செவ்ரலே மேடையேறியது.

சூடேறியதும் எஞ்சின் சக்தி இழந்தது, எரிபொருள் நேரத்துக்கு முன்பே தீப்பிடித்து எஞ்சின் தட்டியது. தண்ணீர் இருக்கும்போது சிலிண்டரின் எல்லா மூலையும் ஏறத்தாழ ஒரே சூட்டில் நிற்கும். காற்று அப்படிச் சமமாகப் பார்த்துக்கொள்ளாது. மொத்தம் 759 கார் செய்தார்கள். அதில் 239 ஆலையிலேயே உடைக்கப்பட்டன. வாடிக்கையாளர் கைக்குப் போனவை சுமார் 100. ஜூன் மாதம் அத்தனையையும் திரும்ப அழைத்தார்கள். அந்த மாதக் கடைசியில் கெட்டரிங் ராஜினாமாக் கடிதம் எழுதினார், கம்பெனியின் புதிய தலைவர் ஆல்ஃப்ரட் ஸ்லோன் சமாதானம் சொல்லி நிறுத்திக்கொண்டார். திரும்ப அழைப்புக்குத் தப்பிய கார்களில் ஒன்று டியர்பார்னில் ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. போட்டியாளரின் வீட்டிலேயே.

கெட்டரிங் தோற்ற இடத்தில் இருபது வருடமாக ஒருவர் ஜெயித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் இதில் வேடிக்கை. நியூயார்க் மாநிலத்து சிரக்யூஸில் ஹெர்பர்ட் ஃப்ராங்க்ளினின் கம்பெனி 1902-இலிருந்து காற்றில் குளிரும் கார்களை மட்டுமே செய்துவந்தது. பொறியாளர் ஜான் வில்கின்சனுக்கு எடை என்றாலே ஆகாது. சட்டத்தை மரத்தில் செய்தார், அலுமினியத்தைத் தாராளமாகப் பயன்படுத்தினார். எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் தனித்தனி. பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து வெடிக்குமே என்ற பயம் இல்லாததால் மருத்துவர்கள் விரும்பி வாங்கினார்கள். ரேடியேட்டர் இல்லாததால் பானெட்டை இஷ்டப்பட்ட வடிவத்தில் வைக்க முடிந்தது. அதனால் அவருடைய கார்கள் மற்ற கார்களைப் போலவே இருக்கவில்லை.

அதுதான் டீலர்களுக்குப் பொறுக்கவில்லை. வாங்க வருகிறவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள், கார் என்றால் கார் மாதிரி இருக்கவேண்டும், இல்லாவிட்டால் நாங்கள் விற்கமாட்டோம் என்று நெருக்கினார்கள். கம்பெனி பணிந்தது. வடிவமைப்பாளர் டி காஸ் வரைந்து 1925-இல் வந்த பதினோராம் வரிசை ஃப்ராங்க்ளினுக்கு நிமிர்ந்த, கம்பீரமான ஒரு ரேடியேட்டர் முகப்பு இருந்தது. பின்னால் கோர் இல்லை, டேங்க் இல்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று உள்ளே போக ஒரு வாய் தேவைதான், ஆனால் அதற்கு அந்த உருவம் தேவையில்லை. எடையை ஒவ்வொரு அவுன்ஸாகக் குறைத்துவந்த வில்கின்சன், இல்லாத ரேடியேட்டருக்குக் கூடு சுமக்கச் சம்மதிக்கவில்லை. வேலையை விட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த ஃப்ராங்க்ளின் கார்கள், 1934-இல் கம்பெனி மூடும்வரை, அப்படி ஒரு முகத்தை வைத்துக்கொண்டுதான் விற்பனையாயின.

அடுத்த பகுதியில் அழுத்த மூடியும் கிளைகாலும்: தண்ணீரை 100 டிகிரிக்கு மேல் ஓடவிட்டதில் ரேடியேட்டர் மறுபடி எப்படிச் சுருங்கியது என்று பார்க்கலாம்.

(தொடரும்)